மூன்று ஓலையும் வாசிக்கப்படும்

கிரீன்வேல், செயின்ட் மேரி,
ஜமைக்கா.
5 அக்டோபர் 1961

அன்பு மகன் எவரார்டுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், உன் கடிதத்தைப் படித்த பிறகும் சுகமாகவே இருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நீயும் டெல்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மழைக்கு வந்த முழங்கால் வலி மழை நின்ற பிறகும் போகவில்லை, அதைத் தவிர என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பின்கட்டில் கறிப்பலா நன்றாகக் காய்த்திருக்கிறது, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய், உன் கல்யாணக் குழம்புக்கு ஆயிற்று. கல்யாணம் என்று எழுதியதும் நீ முகத்தைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. சுளித்துக்கொண்டே படி.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நாள் போடவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் நாள் போடாத கடிதத்தை சிஸ்டர் பெனடிக்டா படிக்காமலே திருப்பிக் கொடுப்பார், நான் தாயாகிப் போனதால் படித்தேன். நாடு எங்களைக் கைவிட்டுவிட்டது, டெல்சி மாதிரி வேறு தீவுப் பெண்களை வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட ஊருக்கு அவளைக் கூட்டிவர எனக்கு மனமில்லை, இங்கேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம், மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டாம் என்று ஃபாதரிடம் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. நிச்சயமான செய்தியை ஈஸ்டருக்கு நீ எழுதியபோதே கேக்குக்கான பழங்களை நறுக்கி ரம்மில் ஊறப் போட்டுவிட்டேன். திராட்சையும் செர்ரியும் கறுத்துப் பளபளவென்று ஜாடியில் இருக்கின்றன, மூடியைத் திறந்தால் வீடே மணக்கிறது. அதைப் பதிவு அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கா அனுப்புவேன்?

தீவுகளெல்லாம் சேர்ந்த கூட்டாட்சியில் ஜமைக்கா இருப்பதா வெளியேறுவதா என்று போன மாதம் எடுத்த இந்த ஓட்டு விஷயத்தில் உனக்கு இருக்கிற கோபத்தைவிட எனக்குக் கோபம் அதிகம் என்பது உனக்குத் தெரிய வேண்டும். நீ தூரத்தில் இருந்து பத்திரிகையில் படித்தாய், நான் மூன்று மாதம் இதன் நடுவில் இருந்தேன். தினமும் சாயங்காலம் ஒலிபெருக்கி வண்டி வரும், மிஸ்டர் லிம் கடை முன்னால் நிற்கும், கூட்டாட்சியில் இருந்தால் சின்னத் தீவுக்காரர்கள் எல்லாம் வந்து நம் வேலையைப் பிடுங்கிக்கொள்வார்கள், நம் வரிப்பணத்தில் அவர்கள் ரொட்டி சாப்பிடுவார்கள், தலைநகரம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறது, நம் குறையைச் சொல்லப் போய்ச் சேருவதற்குள் குறையே மறந்துபோகும் என்று கத்தும். கூட்டாட்சி வேண்டும் என்கிற உங்கள் கட்சிக்காரர்கள் ஒரே ஒரு முறை வந்தார்கள், மழை பிடித்ததும் காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார்கள். நாங்கள் சரியான முடிவைத்தான் எடுப்போம் என்று நீங்கள் எல்லாரும் கூட்டாட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து நம்பிக்கொண்டிருந்தீர்கள். நனையாமல் ஜெயிக்க நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

நான் நனைந்தேன். நீ அனுப்பிய கூட்டாட்சிக் கொடியை, அந்த நீலத்துணியை, முன் வராந்தாத் தூணில் கட்டினேன். சந்தையில் கிழங்கு விற்கிற ஐசில்டா ஞாபகம் இருக்கிறதா, சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடப்பாளே, அவள்தான் வெளியேறுகிற கட்சிக்கு இங்கே தளபதி. ஒருநாள் கடையில் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ் அயாந்தி, ஒரு வீட்டுல பத்துப் பிள்ளைங்க, மூத்தவன் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறான்னா, மத்த ஒன்பதும் அவன் தட்டுலயே கை வைக்கிறதா?" என்றாள். நான் சும்மா இருக்கவில்லை. "உன் தம்பிங்க மூணு பேரும் பர்மிங்ஹாம்ல யார் தட்டுல சாப்பிடுறாங்க ஐசில்டா? அந்த ஊர்க்காரங்களும் உன்னை மாதிரியே கணக்குப் பார்த்தா மூணு பேரும் நாளைக்கே உன் வாசல்ல வந்து நிப்பாங்க" என்றேன். கடையே சிரித்தது, ஐசில்டாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாய் இருக்கே உங்களுக்கு, அதை மட்டும் தேர்தல்ல நிறுத்துனா ஜெயிச்சிடும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போய் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டார்கள். அன்று ராத்திரி வாழைத் தோட்டத்துப் பக்கம் மேளம் அடித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. மறுநாள் கொடியை இறக்கித் தோய்த்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, திரும்பக் கட்டினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், வேறு யாராவது கூட்டிக் குறைத்து உனக்கு எழுதுவதற்கு முன்னால். உன் கடிதம் வந்த மறுநாள்தான் முதல் ஓலை. பூசையில் பிரசங்கம் முடிந்து ஃபாதர் டூலன் வாசித்தார். இந்தக் கோயிலைச் சேர்ந்த காலஞ்சென்ற கான்ராட் அலீன், அயாந்தி அலீன் மகன் எவரார்டும், மான்ட்செராட் தீவைச் சேர்ந்த பீட்டர் மீட் மகள் டெல்சியும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டு வழக்கம் போலப் பக்கத்தைத் திருப்பினார். எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கேள்விக்கு இந்தக் கோயிலில் யாரும் பதில் சொன்னதில்லை. பின் வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் காணிக்கைத் தட்டு எடுக்கிற மாஸ் ஆம்ப்ரோஸ், தொப்பியை நெஞ்சில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். "இருக்கு ஃபாதர்" என்றார். "அந்தத் தீவுங்களோட ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம்னு நாமதான் ஓட்டுப் போட்டுட்டோமே ஃபாதர். மறுபடி உறவு வச்சுக்கிட்டா செல்லுமா? தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா எனக்கில்ல பாவம்?" அவர் கேலி செய்யவில்லை எவரார்ட், அது எனக்குத் தெரியும். ஓட்டுச்சாவடியில் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், கோயிலில் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற மனிதர். ஆனால் பின்னால் இருந்த இளவட்டம் விடுமா? "சரியாச் சொன்னீங்க மாஸ் ஆம்ப்ரோஸ், வந்த கப்பல்லயே திருப்பி அனுப்புங்க!" என்று ஒருவன் குரல் கொடுக்க, கோயில் முழுக்கச் சிரிப்பு. ஃபாதர் டூலன் பாஸ்டனில் இருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பாவம், காது சிவந்துபோய், திருச்சபைச் சட்டத்தில் அது தடை ஆகாது என்று ஏதோ சொல்லப் பார்த்தார், சிரிப்பில் அமுங்கிப் போயிற்று.

பெண்கள் கோயிலில் வாய் திறக்கக் கூடாது என்றுதான் நான் வளர்ந்தேன், இத்தனை வயது வரை திறந்ததும் இல்லை. அன்று எழுந்தேன். மாஸ் ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்ததும் உட்காரப் போனார். "உக்காராதீங்க, நானும் நிக்கிறேன், நீங்களும் நில்லுங்க" என்றேன். "அந்த ஜன்னலுக்கு வெளிய பாருங்க. என் புருஷன் படுத்திருக்கார், பார்படோஸ்காரர். அவர் பெட்டியத் தூக்குனது நாலு பேர், முன்னாடி வலது பக்கம் நீங்க. ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னா மம்மட்டிய எடுத்துட்டு வாங்க. இப்பவே தோண்டி எடுத்துக் கப்பல்ல ஏத்திடுவோம், நான் போய் என் பெட்டியக் கட்டுறேன்." இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ் ஆம்ப்ரோஸ் ஜன்னலைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். "அதெப்படி மிஸ் அயாந்தி, கான்ராட் நம்ம ஆளு, அவர் எங்கயும் போகக் கூடாது" என்றார். "அப்ப அவர் மருமக?" என்று கேட்டேன். "அவரு நம்ம ஆளுன்னா அவளும் நம்ம ஆளுதானே ஆகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பீடத்தைப் பார்த்து நிமிர்ந்து, "ஃபாதர், தடையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஃபெடரேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்போது சிரித்தார்கள், ஃபாதரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, பூசை முடிகிற வரை முதுகை பெஞ்சில் சாய்க்கவும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, கேக். கல்யாணத்துக்கு முந்தின நாள் வெள்ளை உடுத்திய பெண்கள் தலையில் கேக் வைத்துக்கொண்டு வரிசையாக வாய் பேசாமல் நடந்து வருவார்களே, இந்த ஊரில் முதல் கேக்கைத் தூக்குவது எப்போதும் ஐசில்டாதான், அந்தக் கழுத்து வேறு யாருக்கும் இல்லை. அவளிடம் போய் நான் கேட்பதாக இல்லை. நேற்று சந்தைக்குப் போகிற வழியில் கூடையோடு அவளே கேட் அருகில் நின்றாள், உள்ளே வரவில்லை. "அந்தத் துணிய இன்னும் கழட்டலையா நீங்க?" என்றாள். "இஸ்திரி போட்டுக் கட்டியிருக்கேன், கண்ணு தெரியலையா?" என்றேன். "கேக்கை யார் தூக்குறா?" என்று கேட்டாள். நானே தூக்குகிறேன் என்றேன். "எழுபத்தோரு வயசுல, அந்த முழங்காலோடயா? பாலத்துக்கிட்ட வர்றப்பவே கேக்கு ஆத்துல போகும், நீங்க அதுக்குப் பின்னாடி போவீங்க. நல்லாக் கேட்டுக்கங்க மிஸ் அயாந்தி, நான் வேண்டாம்னுதான் போட்டேன், நாளைக்கு மறுபடி கேட்டாலும் வேண்டாம்னுதான் போடுவேன். அதுக்காக எவரார்ட் கேக்கை வேற எவளாவது தூக்க நான் ரோட்டோரமா நின்னு பார்க்கணுமா?" என்றாள். நான் நன்றி சொல்லவில்லை. ஆலை முக்கிலிருந்து கோயில் வரைக்கும் பேசாமல் நடக்க வேண்டும், மூன்று மாதம் ஒலிபெருக்கியில் கத்திய வாய் அவ்வளவு தூரம் தாங்குமா என்று மட்டும் கேட்டேன். கூடை ஆடாமல் சிரிக்க அவளுக்குத்தான் தெரியும். "அந்தச் சின்னத் தீவுக்காரிய முதல்ல கொண்டு வாங்க, மீதியை அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

டெல்சியிடம் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல். சின்னத் தீவு என்று கூப்பிடத்தான் செய்வார்கள். உன் அப்பாவை, இந்த ஊர் ஆலையில் பாகு காய்ச்சுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லாதபோதும், கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைத் தூக்கி, "என்ன பெரிய தீவு, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவளும் அதைக் கற்றுக்கொள்ளட்டும். உன் வேலை போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். போகலாம். அதற்காகக் கட்டிலையும் மேசையையும் இப்போதே அவசரப்பட்டு விற்காதே, மேலதிகாரி அங்கே இருக்கும்போதே நற்சான்று வாங்கி வைத்துக்கொள், கிங்ஸ்டனில் ஒழுங்காக எழுதத் தெரிந்த குமாஸ்தாவுக்கு வேலை இல்லாமல் போகாது, நாள் போட மறக்காதவனாக இருந்தால். டெல்சியின் நர்ஸ் வேலைக்கு எந்த ஊரிலும் ஆள் தேவை. கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறாய் என்று அவள் தனியாக எனக்கு எழுதியிருக்கிறாள், அவளைத் திட்டாதே. சாப்பிடு.

கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டால் நீ அவர்களுக்குத்தான் ஜெயித்துக் கொடுக்கிறாய் எவரார்ட். அவர்கள் ஓட்டில் கேட்டது கூட்டாட்சி வேண்டாம் என்பதை மட்டும்தான், நீ அதற்கு மேல் ஒரு மகனையும் மருமகளையும் சேர்த்துக் கொடுக்கிறாய். நான் கொடுக்க மாட்டேன். நவம்பர் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, காலைப் பூசை, கோயில் பேசியாயிற்று. கூட்டாட்சியின் புதுக் கப்பல் அதற்கு முன்னால் கிங்ஸ்டன் வருகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் அதிலேயே வாருங்கள், கொடியைக் கட்டிக்கொண்டே வரட்டும். வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலை. ஃபாதர் தடை உண்டா என்று கேட்கும்போது நான் முன் வரிசையில் எழுந்து, எல்லார் முகத்தையும் பார்க்கிற மாதிரித் திரும்பி நிற்கப் போகிறேன். இனி இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்கிறவன் நீ ஒருவன்தான். சொல்வதானால் மாஸ் ஆம்ப்ரோஸைப் போலக் கோயிலுக்கு வந்து, எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொல். கடிதத்தில் சொல்லாதே.

கடவுளும் மாதாவும் உங்கள் இருவரையும் கடலிலும் கரையிலும் காப்பாற்றட்டும், என் ஆசி உங்கள் இரண்டு தலை மேலும் எப்போதும் இருக்கிறது. டெல்சியின் தலைச் சுற்றளவை அளந்து அடுத்த தபாலிலேயே எழுது, முக்காட்டுக்கு வலைத்துணி வாங்கிவிட்டேன், வெட்ட வேண்டும்.

உன் பிடிவாதத்தை உனக்குக் கொடுத்த,
அம்மா
அயாந்தி அலீன்