நீ பார்க்காமல் போகும் ஊர்கள்

டோல்மெட்ஸோ,
மே 14

அன்புள்ள எலியாவுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் பழைய முழங்கால் இல்லை. நீ விழாமல், எலும்பு முறியாமல் இருக்கிறாய் என்பதைப் பத்திரிகையில் வரும் பந்தயப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். உன் பெயரைத் தேட முதல் பக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. அடியிலிருந்து மேலே வந்தால் சீக்கிரம் கிடைக்கும்.

நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போன இந்த மூன்று வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தாய்: இத்தாலி முழுக்கச் சுற்றியும் முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்று. அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

வெள்ளிக்கிழமைப் பந்தயம் நம் பக்கம் வருகிறதல்லவா, வழியில் உள்ள ஊர்களைப் பற்றித் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் வாசிக்க ஒரு குறிப்பு வேண்டும் என்று நகராட்சியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். நீங்கள் சமவெளியில் சும்மா மிதிக்கும் நேரத்தில் அவர்களுக்குப் பேச ஏதாவது வேண்டுமே. ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆறு வரி போகிறதாம். பன்றித் தொடைக்கறியும் ஓர் அருவியும் தப்பித்தன. வெட்டிய சுற்றுலா அலுவலர் என்னிடம் படித்து லத்தீனில் இரண்டு முறை தோற்றவர். பழி தீர்த்துக்கொண்டார். அவர் வெட்டியதை உனக்கு எழுதுகிறேன்.

சான் தானியேலேயில் கிளம்புகிறீர்கள். மலைக்காற்றும் கடற்காற்றும் சந்திக்கும் குன்று அது. அந்தக் காற்றில்தான் தொடைக்கறி பதமாகிறது என்பதை எல்லோரும் சொல்வார்கள். கறிக்கடைகளுக்கு நடுவே ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் பழைய நூலகம் ஒன்று இருக்கிறது என்பதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சின்ன வயதில் உன்னை அங்கே கூட்டிப்போனேன். நீ வெளியே சாத்தியிருந்த யாருடைய சைக்கிளையோ பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும்.

பிறகு தாலியமெந்தோ ஆறு. தண்ணீரைவிட வெள்ளைக் கல் அதிகம், வெயிலில் கண் கூசும், பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், ஜாக்கிரதை. ஜெமோனாவில் தேவாலய முகப்பில் புனித கிறிஸ்டோபர் தோளில் பிள்ளையைச் சுமந்து நிற்கிறார். பூகம்பத்தில் ஊர் விழுந்தபோதும் அவர் பிள்ளையை இறக்கிவிடவில்லை. அடுத்து வென்ட்ஸோனே. இடிந்த தேவாலயத்தின் கற்களை வயலில் பரப்பி, எண் போட்டு, ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே வைத்துக் கட்டினார்கள். விழுந்ததைத் திரும்பக் கட்டலாம் என்று நம்புகிறவன் நான் அல்ல. ஆனால் அவர்கள் கட்டினார்கள், அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

டோல்மெட்ஸோ தாண்டியதும் வறுத்த பாலாடைக்கட்டி வாசனை வரும். சாலையோரம் முழுக்க ஃபிரிக்கோ சுட்டுக்கொண்டிருப்பார்கள். பழைய பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்குமாக, ஓரம் மொறுமொறுவென்று, உனக்குப் பிடித்த மாதிரி. நீங்கள் பையிலிருக்கும் குளிர்ந்த அரிசிக் கட்டியைத் தின்றுகொண்டு அதைக் கடந்து போவீர்கள்.

நம் ஊர் பியாந்தாருக்குள் நுழையும்போது கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டித்தான் சாலை போகிறது. அங்கே மட்டும் தலையைத் தூக்கு. உன் அம்மா இருக்கிற மூலையில் ஐரிஸ் பூத்திருக்கிறது.

சொந்த ஊர் வரும்போது ஊர்க்காரனைக் கூட்டம் முன்னால் போக விட்டு, வீட்டாரைக் கட்டிக்கொள்ள நேரம் கொடுப்பது உங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். நீ நீரூற்றுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறாய் என்று உன் சித்தப்பா டூய்லியோ ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானாம். நிற்காதே. நீ தண்ணீர் சுமந்து கொடுக்க வேண்டிய அணித்தலைவர் ஒருவர் இருக்கிறார், அந்த வேலையைப் பார். எனக்கும் அன்று விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது. தவிர, என் மகனுக்கு என்னைக் கேட்காமல் முதல் சைக்கிளை வாங்கிக் கொடுத்தவனோடு ஒரே நீரூற்றடியில் நின்று நான் கொடி அசைக்கப் போவதில்லை.

இறக்கத்தில் அவசரப்படாதே.

அப்பா


டோல்மெட்ஸோ,
மே 20

அன்புள்ள எலியாவுக்கு,

திங்கட்கிழமை ஓய்வு நாள் என்று பார்த்தேன். உங்கள் விடுதிக்கே இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். சளி பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

பந்தயம் வரும் நாளில் சாலையை அடைப்பார்கள், பள்ளிக்கும் விடுமுறை என்பது எழுதும்போது எனக்கு நினைவில்லை. உனக்கு நினைவிருந்திருக்கும். அதனால்தான் விடைத்தாளை நம்பாமல் நீ நீரூற்றடியில் நின்றாய் என்று நினைக்கிறேன்.

காலையில் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. பழைய கோவேறு கழுதைப் பாதை வழியாக நடந்து, பியாந்தாருக்கு மேலே பந்தயம் ஏறிப்போகும் கிரெஸ்தா கணவாய்க்குப் போய்விட்டேன். பியாந்தாரில் தெரிந்த முகம் ஒன்றைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த இடத்தின் சிறப்பு. கடைசி வளைவில் பெர்காமோவிலிருந்து வந்த ஒரு தம்பதி வேனை நிறுத்திப் பந்தல் போட்டு, உள்ளே தொலைக்காட்சி வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் என்னைக் கேட்காமலேயே நாற்காலியும் ஒரு தட்டுச் சோளமாவுக் களியும், அதுதான் பொலெந்தா, கொடுத்தாள். பெர்காமோக்காரர்கள் பொலெந்தாவைக் கல் மாதிரி கிண்டுகிறார்கள். சாப்பிட்டேன்.

வென்ட்ஸோனே வந்தபோது மேலிருந்து காட்டினார்கள். வர்ணனையாளர் அழகான ஊர் என்று சொல்லிவிட்டு யாருடைய பல்சக்கரத்தைப் பற்றியோ பேசப் போய்விட்டார். பூரணம் வைத்த நம் பியாந்தார்ப் பண்டமான சார்சோன்ஸை, எங்கும் கிடைக்கும் ராவியோலி என்றார். கீரையும் திராட்சையும் பட்டையும் வைத்து, மேலே புகையூட்டிய ரிக்கோத்தாப் பாலாடைக்கட்டியைச் சீவிப் போடுவதை எந்த ஊரில் ராவியோலி என்கிறார்கள்? ஆறு வரியையும் ஒழுங்காக வாசிக்கவில்லை.

அப்போதுதான் திரையில் நீ தனியாக முன்னால் வந்தாய். நீரூற்றுக்குப் பக்கத்தில் இறங்கினாய். டூய்லியோ கட்டிக்கொண்டான், அவன் மனைவி நோயெமி கட்டிக்கொண்டாள், மேயர்கூடக் கட்டிக்கொண்டார், வெட்கம் கெட்டவர். நீ அவர்கள் தோளுக்கு மேலாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாய்.

“பாவம், யாரையோ தேடுது அந்தப் புள்ள” என்றாள் அந்த அம்மாள்.

“எவளையாவது தேடுவான்” என்றார் கணவர்.

“போய்யா நீ. பொண்ணத் தேடுற மூஞ்சியா அது? வீட்டு ஆளு யாரோ வரல. எந்தக் கல்நெஞ்சுக்காரனோ.” பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் பொலெந்தா வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மற்றவர்கள் வந்து சேர்ந்ததும் நீ சைக்கிளில் ஏறிவிட்டாய். நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்குத் தெரியும். ஊரில் ஒருவருக்கும் தெரியாது, அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கணவாய்க்கு நீங்கள் கடைசிக் கூட்டமாக வந்தீர்கள். முன்னணியினர் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள், மழை தூறிக்கொண்டிருந்தது. பெர்காமோக்காரர் வருகிறவர் போகிறவர் எல்லோர் முதுகிலும் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவனால் தன் காலால் ஏற முடியவில்லை என்றால் வேறு வேலை பார்க்க வேண்டும் என்று உனக்கே சொல்லியிருக்கிறேன், நீ மறந்திருக்க மாட்டாய்.

நீ கூட்டத்துக்கும் பின்னால், தனியாக வந்தாய். வாய் திறந்திருந்தது. கண் முன்சக்கரத்தில் இருந்தது. நீ மெலிந்திருப்பது தொலைக்காட்சியில் தெரியவில்லை.

வளைவிலிருந்து வேன் நிற்கும் இடம் தாண்டும்வரை உன் முதுகில் கை வைத்துத் தள்ளியவன் நான்தான். பழுப்பு மழைச்சட்டை போட்டிருந்தேன், நீ பார்க்கவில்லை.

“தள்ளாதீங்க சார், ஃபைன் போட்டுருவாங்க” என்றாய். நான் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே ஓடினேன். கொஞ்ச தூரம் போனதும், “விடுங்க சார், போதும்” என்றாய். விட்டேன். திரும்பாமலேயே “தேங்க்ஸ் சார்” என்றாய். முப்பது வருஷமாக ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீ கூப்பிட்டுக் கேட்டதில்லை.

இறங்கும்போது முழங்கால் மடங்கவில்லை. சாலை திறந்ததும் மேலே போய், உச்சியில் தன் உணவகத்து ஆட்கள் போட்டிருந்த கடையைப் பிரித்து ஏற்றிக்கொண்டு டூய்லியோ வேனில் இறங்கி வந்தான். அந்தச் சைக்கிளுக்குப் பிறகு, ஒன்பது வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு, “ஏறுண்ணே. காலு வீங்கிக் கெடக்கு, இன்னும் என்ன ரோஷம்” என்பது. ஏறினேன், வேறு வண்டி இல்லை. பாதி இறக்கத்தில் அவன், “பையன் கேட்டான், அப்பா எங்கன்னு. பேப்பர் திருத்துறாருன்னு சொன்னேன்” என்றான். முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. நோயெமி உன் பைக்குள் வைக்கப் போனதாம். “அப்பாவுக்கு வைங்க” என்று நீ திருப்பிக் கொடுத்துவிட்டாயாம்.

சார்சோன்ஸ். ஆறிப்போய் வெண்ணெய் உறைந்திருந்தது. அவன் இன்னமும் பூரணத்தில் சாக்லேட் போடுகிறான், நம் வீட்டில் ஒருநாளும் போட்டதில்லை, அது தப்பு என்று அவனிடமே சொன்னேன். “தின்னு முடிச்சுட்டுச் சொல்லுண்ணே” என்றான். முடித்துவிட்டு மறுபடி சொன்னேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவனை மன்னித்துவிட்டேன் என்று அவன் உன்னிடம் சொன்னால் நம்பாதே.

பந்தயம் முடிந்து உங்களுக்கு ஒரு வாரம் விடுப்பு உண்டு என்று அவன் சொல்கிறான். உண்டென்றால் வா. டோல்மெட்ஸோ வீட்டில் உன் அறையில் நான் விடைத்தாள்களை அடுக்கியிருந்தேன், எடுத்துவிட்டேன். சாப்பாடு டூய்லியோவின் கடையில்தான் என்று நீ பிடிவாதம் பிடிப்பாய், பரவாயில்லை, நானும் வந்து உட்காருகிறேன். மறுநாள் வென்ட்ஸோனேக்குப் போகலாம். நடந்து பார்க்க வேண்டிய ஊர் அது. நான் பேசாமல் வருகிறேன், நீ பார்.

இன்றைய பத்திரிகையில் நடுவர்களின் பட்டியலில் உன் பெயரும் இருந்தது. கிரெஸ்தா கணவாயில் அடையாளம் தெரியாத பார்வையாளர் ஒருவர் தள்ளிவிட்டதற்காக உனக்கு அபராதமாம். அடையாளம் தெரியாதவர் இல்லை என்று நடுவர்களுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். உனக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக முழுப் பெயரையும் கீழே எழுதுகிறேன்.

மிச்ச நாட்களும் விழாமல் ஓட்டு. நல்லபடியாக வீடு வந்து சேர்.

உன் அப்பா,
தார்சீசியோ மொரோகுத்தி