விற்றுப்போன ஸ்பீக்கர் பெட்டி

12 மார்ச் 1991, செவ்வாய். ராஜபாளையம்.

கச்சேரிக்கு எடுத்துப்போகும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை என் வீட்டுக்காரர் இன்று விற்றுவிட்டார். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட இடமில்லை என்று மாதக்கணக்கில் முனகியவள் நான்தான்.

வாங்க வந்த வன்னியம்பட்டிக்காரர் தன் ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்திருந்தார். பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்று இவரே ஒயர் மாட்டி, சத்தத்தை எதிரொலிக்க வைக்கும் தன் எக்கோ பெடலை மிதித்து, கிட்டார் வாசித்துப் பார்த்தார். வீடே அதிர்ந்தது.

"என்னோடத விட உங்க ஆம்ப்ளிஃபயருக்குத்தான் தம்பி இது நல்லாப் பொருந்துது" என்றார்.

"பெட்டிய எனக்குக் குடுத்துட்டா நீங்க எதுல வாசிப்பீய அண்ணே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். பால் பொங்குகிறது என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். அடுப்பைப் பற்றவைத்திருக்கவே இல்லை.

பெட்டி வேனில் ஏறியது. பெடலையும் சும்மாவே கொடுத்தனுப்பினார்.

"ஆம்ப்ளிஃபயர ரேடியோ ஸ்பீக்கர்ல மாட்டி வாசிக்கக் கூடாதாங்க?" என்று கேட்டேன்.

"அது தாங்காதுட்டி, கிழிஞ்சிரும்" என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

சாப்பிட்ட பிறகு, காலியான மூலையில் உட்கார்ந்து ஒயர் மாட்டாமலே வாசித்தார். ஸ்பீக்கர் இல்லாமல் அந்த எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கொசுச் சத்தம் அளவுதான் குரல். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் எட்டவில்லை.

"அங்க கேக்குதாட்டி?"

"நல்லாக் கேக்குதுங்க" என்றேன்.

அவருடைய விரல்கள் அடுத்த பாட்டுக்குப் போவது மட்டும் அடுப்படி வாசல் வழியே தெரிந்தது.