பொன்னையா முடக்கு

மேல்கணக்கு, அக்கரப்பத்தனை
17.10.1955

அன்பு மருமகன் சின்னராசாவுக்கு, உன் தாய்மாமனும் இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்க் கான்களுக்கெல்லாம் சக்கரவர்த்தியுமான பொன்னையா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, நான், பசுமாடு, ஓயாத மழை எல்லோரும் சுகம். அங்கே அனுராதபுரத்து வெயிலில் சர்வேயர் ஐயாவுக்குச் சங்கிலி பிடிக்கும் நீயும் உருகி ஓடாமல் முழுசாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன், அதில் என்னைத் திட்டும் பகுதிகளை மட்டும் மழையில் நனைந்து போனதாக வைத்துக்கொள்.

முடக்கு விஷயத்தைத்தான் முதலில் கேட்பாய். போன வருஷம் நம் லயத்து வீடுகளுக்குக் கீழே ரோடு திரும்பும் முடக்கை அகலமாக்கச் சொல்லித் தோட்டத்துரை என்னிடம் விட்டாரல்லவா, முப்பது வருஷம் கான் வெட்டிய கை சும்மா இருக்குமா, மழைத்தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் பள்ளத்துப் பக்கம் ஓடவேண்டும் என்று ரோட்டை வெளியே சாய்த்துப் போட்டேன். தண்ணீர் ஓடிய அழகைப் பார்க்க மேலோகத்திலிருந்து ஆள் வந்ததாகக் கேள்வி. அடுத்த வாரமே அந்தத் தண்ணீருக்குப் பின்னால் கந்தப்பனின் லொறியிலிருந்து பதினொரு தேயிலைப் பெட்டிகளும் ஓடின. அவனுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை, எனக்குத்தான் பெயர் நிலைத்தது, அன்றிலிருந்து அது பொன்னையா முடக்கு. உயிரோடு இருக்கும்போதே ரோட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இங்கிலாந்து மகாராணியும் நானும்தான். ஆனால் சிரிப்பு அதோடு சரி. சந்தியோடு நிற்கும் பஸ்ஸை மேல்கணக்கு வரை விடலாம் என்றிருந்த பஸ் கம்பெனிக்காரர்கள் அந்த முடக்கைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். உன் அம்மா முழங்கால் வலிக்கு மருந்து கட்ட வாராவாரம் சந்தி வரை மூன்று மைல் நடந்தாள். பாதி வழியில் கல்லில் உட்கார்ந்து அழுததை உனக்கு எழுதவிடவில்லை, இப்போது எழுதுகிறேன். நான் போட்ட ரோட்டால் அக்கா நடக்கிறாளே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது இரண்டு தட்டுக்கு மேல்.

அதனால்தான் வெட்கத்தை விட்டு உன்னைக் கேட்டேன். நீயும் படம் போட்டு அனுப்பினாய், திரும்பும் வண்டியை வேகம் வெளியே தள்ளும், ஆகவே பள்ளத்து ஓரம்தான் உயரவேண்டும், பன்னிரண்டடி அகலத்துக்கு ஓரடி உயரம், தண்ணீர் மலையோரக் கானுக்குப் போகட்டும் என்று. முப்பது வருஷத் தொழிலைத் தலைகீழாகப் போடச் சொல்கிறானே, காதைத் திருக நடந்தே அனுராதபுரம் வருகிறேன் என்று கிளம்பினேன், மழை தடுத்தது. பிறகு ஆறு ஆட்களோடு நாலு வாரம் சிவனொளிபாதமலையில் பாதியளவு கல்லும் மண்ணும் சுமந்து ஓரத்தை உயர்த்தினோம். கந்தப்பன் லொறியை ஓட்டிப் பார்த்தான். முடக்கு தொடங்கும் இடத்தில் லொறி கன்றுக்குட்டியாகத் துள்ளியது, அவன் தலை கூரையில் மோதியது. ரோடு போடச் சொன்னால் வாசற்படி கட்டியிருக்கிறீர்களே அண்ணே என்று கேட்டுவிட்டுப் போனான். நான் உன் கடிதத்தை நாலாகக் கிழிக்கப் போனேன். அக்காதான் பிடுங்கித் திருப்பினாள். "எனக்கு எழுத்துத்தான் தெரியாது, தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு தெரியும்டா" என்றாள். பின்பக்கத்தில் எழுதியிருந்தாய், முடக்குக்கு அறுபதடி முன்னாலிருந்தே கொஞ்சங்கொஞ்சமாக உயர்த்திக்கொண்டு வந்து, தாண்டியபின் அதே மாதிரி இறக்கவேண்டும் என்று. மறுபடி பத்து நாள் வேலை.

போன திங்கட்கிழமை ஓட்டிப் பார்க்க பஸ் வந்தது. சோமபால என்ற டிரைவர், பக்கத்தில் கம்பெனி ஐயா, பின்னால் பாரத்துக்கு எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டார்கள். பொன்னையா முடக்கைத் தாண்டும் வண்டியில் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த உன் அம்மா, இது மகன் போட்ட கோடு, தம்பி வெறும் மண்வெட்டி என்று சொல்லிக்கொண்டு ஏறினாள். ஏறினவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் இன்னும் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. எனக்கோ மூச்சு விடவே பயம், நான் விடும் மூச்சில் பஸ் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது. கொஞ்ச நேரம் கழித்து, மூடிய கண்ணோடே கேட்டாள், "ஏண்டா, முடக்கு எப்ப வரும்?"

முடக்கு கால் மைலுக்குப் பின்னால் போயிருந்தது. கம்பெனி ஐயா திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அவருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. வருகிற திங்கள் முதல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி முடக்கில் இறங்கினாள், வலிக்கும் காலை மடக்கிக் குனிந்து அந்த உயர்ந்த ஓரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். மண் சுமந்தது நான் என்று இரண்டு தரம் சொன்னேன், காதில் விழவில்லை.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் நிற்காதே, ஆற்று மீன் தின்னும்போது முள் பார்த்துத் தின் என்று அம்மா சொல்கிறாள். தீபாவளிக்குக் கட்டாயம் வா, சந்தியில் இறங்கி நடக்காமல் பஸ்ஸிலேயே வீட்டு வாசல் வரை வா. நூறு வயது, அதில் ஒரு நாளும் கால் வலி இல்லாமல் இரு என்பது எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும். முக்கியமானது ஒன்று, இனிமேல் எது எழுதினாலும் தாளின் ஒரே பக்கத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா அம்மாக்கண்ணு (பெருவிரல் ரேகை),
அவள் சொன்னதை எழுதிய மாமன் பொன்னையா

பின்பக்கம்: திருப்பிப் பார்த்துவிட்டாய் அல்லவா? நீ என்னைவிடக் கெட்டிக்காரன்தான். அதை முன்பக்கத்தில் எழுத மனம் வரவில்லை.