உங்கள் அண்ணன் சட்டைப் பையில் எஸ்தர்

காஞ்சிபுரம்,
19.8.2025

எஸ்தரின் அப்பாவுக்குக் கலையரசி எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் எஸ்தரும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? மெஸ்ஸில் அடுப்பு வேலை முடிந்ததும் அந்த ஏசி ரூமுக்குள் ஓடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? கொஞ்சம் வியர்வை ஆறிய பிறகு போங்கள்.

உங்கள் அண்ணன் போனில் சொன்னது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சபையார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவருடைய சட்டைப் பையில் கையை விட்டேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பையில் இருந்து எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தப் பகுதியை அவர் உங்களிடம் விழுங்கியிருப்பார்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் ஒன்று கத்துவீர்கள், நான் ஒன்பது கத்துவேன், நடுவில் லைன் போய்விடும், யார் வைத்தது என்று அதற்கொரு சண்டை வரும். ஓரிக்கை மணிவண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குப் புறப்படுகிறார். எலுமிச்சை ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னக் கவரையும் கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு கவரைப் பிரியுங்கள்.

முதலில் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். இந்தக் கார்டு வியாதியை வீட்டுக்குள் கொண்டுவந்தது நீங்கள். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, உங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது என்று ஒரு டப்பா நிறைய பேஸ்பால் கார்டு கொண்டுவந்தீர்கள். ஒருத்தன் ஊதிய பபிள்கம் வெடித்து மூஞ்சி முழுக்க அப்பிக்கொண்டு நிற்கிறான். ஒருத்தன் பேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி போஸ் கொடுக்கிறான். இன்னொருத்தன் பேன்ட் கிழிந்தது தெரியாமல் ஓடுகிறான். நீங்களும் எஸ்தரும் பாயில் அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நல்ல ஆட்டக்காரன் கார்டு எல்லாரிடமும் இருக்கும், இந்த மாதிரி கோணலாக வந்த கார்டுக்குத்தான் அங்கே அடித்துக்கொள்வார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

அவளுடைய பேஸ்பால் டீமைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கிரிக்கெட் ஆடப் போனால் பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் ஒரு மூலைகூடக் கிடைப்பதில்லை என்று பி.டி. டீச்சர் பட்டம்மாள் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார். டீமுக்கு ஒன்பது பேர் வேண்டும். பள்ளியில் சேர்ந்ததும் ஒன்பதே பேர்தான். ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். கூரத்தில் தோற்றார்கள், திருப்புட்குழியில் தோற்றார்கள், மழையால் பாதியில் நின்ற ஆட்டத்திலும் எப்படியோ தோற்றார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் இவர்களைப் பார்த்தால் கொட்டாவி விட்டுக் காட்டுவார்கள். அழுதுகொண்டு வந்த எஸ்தர், ஒரு நாள் அந்த டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, நாமும் நம் டீமுக்குக் கார்டு போடலாம் அம்மா, அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிடலாம் என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவளுக்குப் படம் அச்சடிக்கச் சொல்லித் தர வேண்டுமா? மைதானத்துக்குப் போய் என் போனிலேயே படம் எடுத்தேன்.

காயத்ரிதான் பந்து வீசுகிறவள். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற பரமசிவம் அண்ணன் மகள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவள் பந்து வீசும் படத்துக்குப் பின்னால், "பந்து எங்கே போகும் என்று எதிரிக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது" என்று எழுதினோம். இன்னொருத்தி பந்தை விட்டுவிட்டுப் பறந்துபோன தொப்பியைத் துரத்துகிறாள். எஸ்தர் கேட்சர். அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு பந்தைப் பிடிக்க வேண்டும், முகத்துக்கு இரும்புக் கம்பி போட்ட முகமூடி. அவளுக்குப் பின்னால் அம்பயர் நிற்க வேண்டிய இடத்தில், மைதானத்தில் மேய்கிற மாடு ஒன்று வந்து, பந்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால், "அவுட்டா இல்லையா என்று அம்பயர் அசைபோட்டுக்கொண்டிருக்கிறார்" என்று எஸ்தரே எழுதினாள்.

படம் ஒட்ட அட்டை வேண்டும். காயத்ரி வீட்டுப் பரணில் இருந்த ஓர் அட்டைக் கட்டின் நடுவில் இருந்து ஒரு பிடி உருவிக்கொண்டு வந்தாள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் சங்கிலி மாதிரி கோத்துச் சுற்றுமே, ஓட்டை ஓட்டையாகக் குத்திய நீள அட்டை, அதுதான். புடவையில் என்ன உருவம் விழ வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் சொல்லும். பழைய டிசைன், இனிமேல் வேண்டாததாம். ஒவ்வொரு நீள அட்டையையும் நாலாக வெட்டினால் சரியாகக் கார்டு அளவு. ஒன்றில் இருக்கிற ஓட்டை இன்னொன்றில் இருக்காது. பையன்களுக்கு அங்கேதான் வெறி பிடித்தது. ஒரே மாட்டு எஸ்தர் பத்து கார்டில் இருந்தாலும், பின்னால் திருப்பினால் பத்தும் வேறு. இதைக் கொடு, அதை வாங்கு என்று தெருவெல்லாம் ஒரே பேரம். கொட்டாவி விட்ட பையன்கள் மைதானத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்து, காயத்ரி கண்ணை மூடும்போதெல்லாம் கைதட்டினார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு உண்மையாகவே தட்டினார்கள். அந்த வாரம்தான் எங்கள் பிள்ளைகள் முதல் ஆட்டத்தை ஜெயித்தார்கள். இதையும் உங்கள் அண்ணன் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் சொன்னது வேறு. "உம் பொண்ணு போட்டோவ கண்ட பசங்க பாக்கெட்டுல வெச்சிக்கினு சுத்தறானுங்கடா, நாளைக்கு எவன் கட்டுவான்" என்று உங்களுக்குப் போன் போட்டார். நீங்கள் என்னைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் வாங்கிக் கொளுத்து, எஸ்தரை ஆட்டத்திலிருந்து நிறுத்து என்றீர்கள். அவள் முகமே தெரியாது, இரும்புக் கம்பிக்குப் பின்னால் இருக்கிறாள், மாட்டின் முகம்தான் தெளிவாக இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அவள் நின்றால் டீமில் எட்டுப் பேர். எட்டுப் பேரை ஆட விடமாட்டார்கள். உங்கள் ஒரு வார்த்தையில் ஒன்பது பிள்ளைகளின் ஆட்டமும் போகும்.

மறுநாள் காலையில் பரமசிவம் அண்ணன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் காயத்ரி, அழுது முகம் வீங்கி. இவ்வளவு வருஷத்தில் அவர் நம் தெருவுக்குள் வந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அட்டை வேண்டாதது இல்லையாம். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் புடவைக்காக எடுத்து வைத்திருந்ததாம். கட்டின் நடுவில் இருந்து உருவியது தெரியாமல் தறியில் ஏற்றி, முந்தானையில் அன்னம் நெய்திருக்கிறார். "இன்னாமா இது, அன்னத்துக்கு வயித்துலேர்ந்து நேரா மூக்கு மொளச்சிக்கினு நிக்குது, கழுத்தே காணோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்துகொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தால், அவர் மீசையும் துடிக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்தார். அந்த டிசைனை வரைந்தவர் இப்போது உயிரோடு இல்லை, வரைந்த தாளும் இல்லை. வெட்டிய துண்டுகளைத் திரும்பச் சேர்த்து வைத்தால், அதைப் பார்த்துப் புது அட்டையில் குத்திக்கொள்ளலாம் என்றார்.

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது பிள்ளைகளும் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒரு பையன் லேமினேஷன் போட்டு வைத்திருந்தான். பூக்கடை அம்மா தராசுக்குப் பக்கத்தில் முருகர் படத்தோடு மாட்டை ஒட்டி வைத்திருந்தார். கொடுக்க ஒருவருக்கும் மனசு இல்லை. "ஆன்ட்டி, திரும்பக் குடுத்துருவீங்கதானே, அதே ஓட்டைதான் எனக்கு வேணும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். உங்கள் மகள் படத்தை வைத்திருந்தவர்கள் இவர்கள்தான். ஒருவன் கண்ணிலும் நான் தப்பாக எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே செருப்பைக் கழற்றியிருப்பேன், என்னை உங்களுக்குத் தெரியாதா?

பரமசிவம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் துண்டுகளைப் பரப்பி, நாலு நாலாகச் சேர்த்தோம். கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வந்தது. கடைசியில் ஒரே ஒரு துண்டு இல்லை. எஸ்தர் கார்டு. யாரிடம் என்று விசாரித்தால், உங்கள் அண்ணனிடம்.

ஆமாம், சாட்சி என்று வைத்திருக்கிறார். டீக்கடையில் எடுத்துக் காட்டியிருக்கிறார், ஆட்டோ ஸ்டாண்டில் காட்டியிருக்கிறார், சபை மூப்பர்களிடம் காட்டியிருக்கிறார். பாருங்க என் தம்பி பொண்ண, என்ன வளர்ப்பு பாருங்க என்று. கேட்டுப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். உங்கள் மகள் படத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியவர் உங்கள் அண்ணன் அந்தோணி ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மரியாதையாகத்தான் கேட்டேன். ஒரு கல்யாணப் புடவை பாதியில் நிற்கிறது, ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். அதோடு விட்டாரா? "எல்லாம் கைக்கு வந்துருச்சில்ல, மொத்தமா கொளுத்திட்டு, பொண்ண வூட்ல உக்கார வை, அப்பால தர்றேன்" என்று எல்லார் முன்னாலும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். எஸ்தர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மைதானத்தில் பந்து முகத்துக்கு நேரே வரும்போதுகூடக் குனியாதவள் அவள். என் கை தானாகப் போனது. கார்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், இது உன் படம், நீ வைத்துக்கொள் என்றேன். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது. தைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

திங்கட்கிழமை காலையிலேயே அன்னத்துக்குக் கழுத்து வந்துவிட்டது. கார்டுகள் எல்லாம் என் கையில், ஒரு தட்டு நிறைய. நீங்கள் சொன்னதைச் செய்ய ஒரு தீக்குச்சி போதும். நான் செய்யவில்லை. பிள்ளைகள் வீடு வீடாகப் போய், யாருடையதோ அவரிடமே கொடுத்துவிட்டு வந்தார்கள். காயத்ரி கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் கார்டு ஒன்றைப் பரமசிவம் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்னும் கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சாதாரண அட்டையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அடித்துக்கொண்டேதான் இருப்பேன்.

எஸ்தர் ஆடுவாள். இதை உங்களிடம் அனுமதியாகக் கேட்கவில்லை, தகவலாகச் சொல்கிறேன். நீங்கள் அங்கே அடுப்பில் வேகுவது எங்களுக்காக என்று எனக்குத் தெரியும். ஒரு நாளும் நான் அதை மறந்தவள் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்து பார்ப்பவள் நான். யார் அவளைக் கட்டுவார்கள் என்று உங்கள் அண்ணன் கவலைப்படட்டும். அவளைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாதவன் கட்ட வேண்டாம். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், ஆறு மாதம் பேசாவிட்டாலும் இருந்துகொள்கிறேன். அழுவேன், ஆனால் இருந்துகொள்வேன்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் உங்கள் காலைப் பிடிக்கிறேன். கார்டைக் கொளுத்தச் சொன்னது நீங்கள் என்று எஸ்தருக்குத் தெரியாது. பெரியப்பாதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். முதல் முதலில் அந்த மாட்டுப் படத்தை உங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய அன்றிலிருந்து, தினமும் ராத்திரி படுக்கும்போது, அப்பா பார்த்தாரா, சிரித்தாரா என்று கேட்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தார் என்று சொல்லிவிட்டேன். வேலை நடுவில் இருந்ததால் பேச முடியவில்லை என்றும் சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் அவள் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

கவரில் அந்தக் கார்டு இருக்கிறது. அண்ணன் பையிலிருந்து நான் எடுத்த அதே கார்டு. அவள்தான் அப்பாவுக்கு அனுப்பச் சொன்னாள். தனியாக உட்கார்ந்து பாருங்கள். ஜெபா, நான் உங்களோடு பதினேழு வருஷம் வாழ்ந்தவள், அந்த மாட்டைப் பார்த்தால் உங்களால் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரிப்பு வந்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். அவளுக்குச் செய்யுங்கள். என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் கைக்கும் நெஞ்சுக்கும் கர்த்தர் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் உங்களுக்காகவும் சேர்த்து நிற்கிற
கலையரசி