டாக்டரம்மாவின் எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? அம்மா ஒழுங்காகத் தூங்குகிறாளா? நான் நலம். மீதிக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் சேவை விருதுக்கு, இலவச மருத்துவமனை நடத்தும் ஒரு டாக்டரம்மாவைப் பரிந்துரைத்திருந்தார்கள். தேர்வுக் குழுவில் இருக்கும் எனக்கு வழக்கம்போல் சந்தேகம். சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய், தலைவலி என்று பொய் சொல்லி வரிசையில் உட்கார்ந்தேன்.

“தலைவலி பொய்னு முகத்துலயே தெரியுது. ஆனா பிரஷர் நிஜம், நூத்தி எழுபது,” என்றார் டாக்டரம்மா. நான் யாரென்று சொன்னேன்.

“விருதுக் குழுன்னா பிரஷர் வராதா? மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க.”

எனக்குப் போட்ட நோயாளி அட்டையில், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டம் காலியாக இருந்தது. “இங்க யாரும் இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். தன் எண்ணை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அங்கே பாதி அட்டைகளில் அதே எண்தான் என்றாள் நர்ஸ்.

குழுவில் அவருக்கு ஆதரவாக முதலில் கை தூக்கியது நான்தான், அப்பா.

அம்மாவுக்கு எந்த வயதில் பிரஷர் வந்தது என்று கேட்டு எழுதுங்கள். எதற்கென்று கேட்டால் ஆராய்ச்சிக்கு என்று சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனை உடனே வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் டாக்டரம்மாவைக் கூப்பிட முடியாதே.

வகுப்பெடுக்க நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்