உப்பைக் கையில் கொடுக்கவில்லை

மாமாவுக்கு ராஜாமணியின் வணக்கம். திருவக்கரை அம்மன் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நான் சமைக்கும் மஸ்கட் பங்களாவில், எல்லைக்காகச் சண்டை போடும் இரண்டு பக்கத்து நாட்டு அதிகாரிகள் சமாதானம் பேசுகிறார்கள். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டில் ஒரு நாட்டார் நாலு பேர், மற்ற நாட்டார் நாலு பேர், நடுவில் மொழிபெயர்ப்பவர், பரிமாற நான். ஒரு பெரியவர் உப்பு கேட்டுக் கையை நீட்டினார். நம் வழக்கப்படி கையில் தராமல் மேசையில் வைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏன் அப்படி என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

"கையில குடுத்தா சண்டை வந்துடும்ங்க" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

அவர் அதை எடுத்துச் சொன்னதும் எதிரில் இருந்தவர், "அப்போ எங்களுக்கு யாரோ முன்னாடியே கையில குடுத்துட்டாங்க போல" என்றார். எட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள்.

சிரித்ததோடு சரி. பேச்சு முடியாமல் அடுத்த மாதமும் தொடருமாம். அதுவரை எங்களுக்கு லீவு கிடையாது, போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை ஊருக்கு வரும் பக்கத்து வீட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விழுப்புரத்தில் மகள் கலைப்பிரியாவின் வளைகாப்புக்கு நான் வர முடியாது. அதற்காகத் தேதியை மாற்ற வேண்டாம். என் இடத்தில் நின்று வளையல் போட, திண்டிவனத்திலிருந்து உங்கள் அக்காவை அழைத்துப் போங்கள். வளையலை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், அவள் கை வீங்கியிருக்கும்.

நான் வரவில்லை என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள். கேட்டதும் அவள் என்ன சொன்னாள் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ராஜாமணி