ரிக்கார்டு சேஞ்சருக்கு ஊற்றிய தலையெண்ணெய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது, மற்றபடி நான் நலம், நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் சளி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். அவருக்கென்ன, ஒன்பது ரிக்கார்டு சேஞ்சரோடு ராஜா மாதிரி இருக்கிறார். அது என்னவென்று உனக்குத் தெரியாது. நடுவில் நீளமாக ஒரு கம்பி நிற்கும், அதில் ஆறேழு இசைத்தட்டுகளைக் கோத்துவிட்டால், ஒன்று பாடி முடிந்ததும் முள் பிடித்த கை தானாக விலகும், அடுத்த தட்டு தொப்பென்று விழும், கை திரும்பி வந்து உட்காரும். எழுந்து போய்த் தட்டு மாற்றச் சோம்பல்பட்ட எவனோ கண்டுபிடித்தது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத உன் அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு அமையாது. ஓய்வு பெற்ற இரண்டே வருஷத்தில் ஒன்பது சேர்த்துவிட்டார், அதில் ஓடுவது ஒன்றரை. உன் கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு உன் அறை முழுக்கப் பரப்பியிருக்கிறார். ஒன்று பாடும்போது அந்தப் பக்கம் யாரும் அதிர நடக்கக்கூடாது. போன மாதம் நான் மிக்ஸி போட்டேன் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பைத்தியம் இவர் ஒருவருக்குத்தான் என்றிருந்தேன், நாலு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர் இருக்கிறார், அவரிடம் பதினாலாம். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் மாறி மாறி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பீற்றிக்கொள்வார்கள். ஒரு ஞாயிறு நம் வீட்டு முறை. புதிதாக வந்த மரப்பெட்டி மிஷினை இவர் துடைத்த துடைப்பில் பாதி வார்னிஷ் போயிருக்கும். டாக்டரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்ததும் ஆறு தட்டை ஏற்றினார். முதல் தட்டு விழுந்தது, கை வந்து தொட்டது, தொட்ட வேகத்தில் எழுந்து போய்விட்டது. அடுத்தது விழுந்தது, அதே கதை. ஒரு வரி பாடாமல் ஆறும் கீழே இறங்கிவிட்டன. டாக்டர், பாட்டு கேக்க வந்தோம், பரேடு பாத்துட்டுப் போறோம் என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் பிடுங்கிய பல்லையெல்லாம் அவர் வாயிலேயே திரும்ப நட வேண்டும் போலிருந்தது எனக்கு. என்ன கோளாறு என்று பக்கத்தில் போய்க் குனிந்தேன். உன் அப்பா, நீ போய் காபி போடு, இதெல்லாம் உனக்குப் புரியாது என்றார்.

எனக்குப் புரியாதாம். இருபத்தெட்டு வருஷம் அந்த ஆடை ஆலையில் எந்தத் தையல் மிஷின் நின்றாலும் கூப்பிட்டது என்னைத்தான். இவரோ கேட்டவர்களிடமெல்லாம், அவ தையல் கம்பெனியில இருக்கா என்று சொல்லிச் சொல்லி, நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததாகவே எல்லோரையும் நம்பவைத்தார். காபி போட்டேன், சர்க்கரை போடவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்த அறைக் கதவையே அவர் திறக்கவில்லை. சவரம் இல்லை, காலை நடை இல்லை, எல்லாத்தையும் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடு என்றார் ஒருநாள். ஆத்திரம் எனக்குத் தீரவில்லைதான், ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வழியாக அவர் முடிவெட்டப் போன நேரத்தில் சுழலும் தட்டைக் கழற்றினேன். அடியில் பெரிய பல்சக்கரம், அதன்மேல் நகம் அளவுக்கு ஒரு நாக்கு. பாட்டு முடிந்ததும் நகர்ந்து அடுத்த தட்டை விழச் செய்ய வேண்டியது அதுதான், ஒட்டிக்கொண்டு நகர்ந்த நிலையிலேயே நிற்கிறது. ஏன் ஒட்டாது. உன் அப்பா அதில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை ஊற்றியிருக்கிறார். பெட்டிக்குள் அவர் தலையணை வாசனை. ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிட்டேன், அரை மணி நேர வேலை. அவர் திரும்பி வந்தபோது மூன்றாவது தட்டு பாடிக்கொண்டிருந்தது. வாசற்படியிலேயே நின்று கேட்டார். யார் சரி செய்தது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு டாக்டரை வரச் சொல்லி, நாலு நாள் உக்காந்து நானே சரி பண்ணிட்டேன் என்று ஆரம்பித்தார் பார், எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்க மாட்டியிருந்துச்சு என்று டாக்டர் கேட்டார். ஒரு ஸ்பிரிங்குல என்றார். எந்த ஸ்பிரிங்கு என்றார் அவர். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்த தட்டு விழுந்தது. பிறகு தரையைப் பார்த்தபடி, நான் பண்ணல, இவதான் பண்ணினா, இருபத்தெட்டு வருஷம் மிஷின் மெக்கானிக்கா இருந்தவ, எனக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது, அந்த வெக்கத்துல யார்கிட்டயும் சொன்னதில்ல என்றார். எனக்கு பிஸ்கட் காபிக்குள் விழுந்துவிட்டது. டாக்டர் மனைவி எழுந்து வந்து, எங்க வீட்டுல நாலு ஓடாம கிடக்கு, வந்து பாப்பீங்களா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வருகிறேன், இந்த இரண்டு ஆம்பளைங்களும் அறைக்கு வெளியே நிற்பதானால் என்றேன்.

நீ வரைந்த கட்டட வரைபடத்தை உன் மேலதிகாரி தன் பெயரில் கூட்டத்தில் காட்டினார், போகட்டும் என்று விட்டுவிட்டேன் என எழுதியிருந்தாய். விடாதே. அவராக ஒருநாள் சொல்வார் என்று காத்திருக்காதே, உன் அப்பாவுக்கே இருபத்தெட்டு வருஷமும் ஒரு பல் டாக்டரும் தேவைப்பட்டது. திங்கட்கிழமை போய்க் கேள், கேட்டுவிட்டு எனக்கு எழுது. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா